கூட்டக் குறிப்பில் சேராதவை

நாற்பதாவது நாள், மாலை ஆறரை.
துலூத் நகரத்து பௌலிங் அரங்கின் பின்னறை.
அரங்குக்காரர் காப்பிக்குக் காசு வாங்கவில்லை.
சுவருக்கு அப்பால் யாரோ
பத்துக் கட்டைகளையும் ஒரே உருட்டில் சாய்த்துவிட்டுக்
கூச்சலிட்டார்கள்.
கிளைச் செயலாளர் நான். குறிப்பேடு என் மடியில்.
வந்தவர்கள் முப்பத்தாறு என்று எழுதினேன்.
ஆர்விட்டின் தோளில் தூங்கிய கைக்குழந்தையைச் சேர்க்கவில்லை.

வாஷிங்டனிலிருந்து தலைவர் விடுத்த அறிக்கையை
மார்லின் வாசித்தார்,
மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு:
"எங்கள் மக்கள் தாங்கியது போதும்.
முதலில் அரசாங்கத்தைத் திறவுங்கள்,
மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்."

"எந்த மக்களைக் கேட்டாராம்?"
என்றாள் லோர்னா பூலியூ.
அவள் தங்கை நாய்களுக்கு முடிவெட்டிப் பிழைக்கிறாள்.
சொந்தக் காசில் வாங்கும் காப்பீடு,
ஜனவரியிலிருந்து தவணை மும்மடங்கு.
"என் சம்பளத்துக்கு ஈடாக
அவள் இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள் என்று
நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை."

பாவ் சியோங் எழுந்திருக்கவில்லை.
வீட்டுக்காரரின் நோட்டீஸ்
நான்காக மடிந்து அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.
"கொள்கைக்காகப் பட்டினி கிடக்கிறவர் கிடக்கட்டும்.
என் வீட்டில் நாலு வயிறு.
அவற்றிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை."
கைதட்டல்.
பின்வரிசையில் பலமாய்த் தட்டியவன்
லோர்னாவுக்கும் அப்படித்தான் தட்டியிருந்தான்.

ஆர்விட் கோஸ்கெலா பனிவண்டியை விற்றாயிற்று.
வாரம் இருமுறை பிளாஸ்மா கொடுக்கப் போகிறான்,
முழங்கை மடிப்பில் இன்னும் பஞ்சு.
"இன்றைக்கு அழுதோமானால்
எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று தெரிந்துகொள்வார்கள்.
அடுத்த முறை நேராக அங்கேயே கை வைப்பார்கள்" என்றான்,
குழந்தை விழிக்காதபடி, மெதுவாக.

வேலைநிறுத்தம் என்றால் கை நம்முடையது.
கதவடைப்பு என்றால் பூட்டு முதலாளியுடையது.
இது எதில் சேரும்?
கதவு திறந்திருக்கிறது, விமானங்கள் பறக்கின்றன,
அதிகாலை நாலு மணிக்குச் சீருடை மாட்டிக்கொண்டு
ஊரார் பெட்டியெல்லாம் துழாவுகிறோம்,
சம்பளச் சீட்டில் மட்டும் பூஜ்யம்.
வேலையை நிறுத்தினால் சட்டம் பிடிக்கும்.
வாயைத் திறக்கலாம்.
அதையும் தலைவர் நமக்காகத் திறந்துவிட்டார்.

தலைவருக்குக் கடிதம் எழுதுவது என்று ஆனபின்
ஒரு சொல்லுக்கு இருபத்தைந்து நிமிடம் போனது.
"கண்டிக்கிறோம்" என்றது ஒரு மேசை.
"வருந்துகிறோம்" என்றது இன்னொன்று.
வருந்தத் தலைவர் என்ன செத்தா போய்விட்டார்
என்று யாரோ கேட்க,
அந்த மாலையில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம்.
"மாறுபடுகிறோம்" என்று முடிந்தது.

ஆதரவு பத்தொன்பது. எதிர்ப்பு பதினேழு.
எண்ணுகிறவளின் கையை யாரும் பார்ப்பதில்லை.
என் கை பதினேழில் இருந்தது.
மின்கட்டணம் இரண்டு மாதமாகப் பாக்கி.
அந்தக் கடிதத்தை வீட்டில் உட்கார்ந்து
பிழையில்லாமல் தட்டச்சு செய்ததும் நானேதான்.
"மாறுபடுகிறோம்" என்ற இடத்தில் மட்டும்
விரல் கொஞ்சம் நின்றது.
நான் யாரோடு மாறுபடுகிறேன்?

வெளியே ஏரிக்காற்று காதை அறுத்தது.
பாவின் கார் இருமியது, கிளம்பவில்லை.
ஆர்விட் தன் வண்டியை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தி
கேபிளை எடுத்தான்.
"உன் ஒரு ஓட்டால்தான் தோற்றோம்" என்றான் பாவ்.
"இரண்டு ஓட்டு. சிவப்பைப் பிடி" என்றான் ஆர்விட்.
குழந்தை என் கையில் கனத்தது.

மறுநாள் நாலரை மணி, இரண்டாம் வரிசை.
எக்ஸ்ரே திரையில் சாப்பாடு ஆரஞ்சு நிறத்தில் தெரியும்.
யாரோ ஒரு பயணியின் ரொட்டி,
அதற்குள் இன்னும் அடர்த்தியாய்ப் பாலாடைக்கட்டி.
லோர்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அனுப்பிவிட்டாயா?"
"ராத்திரியே."
"அதே சொல்லோடா?"
"அதே சொல்."
பட்டையை நகர்த்தினாள்.
அடுத்த பெட்டி வந்தது.